எல்லாப் பக்கத்திலும் அவள் பெயர்

ஹரிப்ரியா என்று தமிழ்நாட்டில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். ஒளிந்து வாழ நினைக்கிறவளுக்கு இதைவிட வசதியான பெயர் கிடையாது. கொங்குப் பக்கத்தில் ஓர் ஊரிலிருந்து, புருஷனிடம் சொல்லாமல் சர்டிபிகேட் பையோடு பஸ் ஏறி, செங்கல்பட்டில் ஒரு மாடி அறைக்கு வந்து சேர்ந்தபோது, பெயரை மாற்றிக்கொள்ளலாமா என்று அவள் யோசிக்கத்தான் செய்தாள். இத்தனை ஹரிப்ரியாக்களில் தன்னை எவன் பொறுக்கியெடுக்கப் போகிறான் என்று அப்புறம் விட்டுவிட்டாள். அவள் போட்ட கணக்கில் தப்பில்லை.

வேலை மாமல்லபுரத்தில். அமானுல்லா என்பவர் நடத்துகிற இணையதளம். கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரை கடலோரத்தில் அறை வாடகைக்கு விடுகிற வீடுகள், சின்ன லாட்ஜுகள், அலைச்சறுக்கு சொல்லித் தருகிறவர்கள், எல்லாருக்கும் அதில் ஆளுக்கொரு பக்கம். அமானுல்லாவுக்கு ஐம்பது வயதிருக்கும். குரல்தான் பெரிசு, மனசு வெண்ணெய். அவரிடம் ஏற்கெனவே ஜாக்குலின் என்று செங்கல்பட்டுப் பெண் ஒருத்தி வேலை பார்த்தாள். புதிதாக வந்தவளுக்குத் தங்க இடமில்லை என்று தெரிந்ததும், தன் செங்கல்பட்டு மாடி அறையில் பாதியை அன்றைக்கே கொடுத்தவள் அவள்தான். இரண்டு பேரும் தினமும் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஒன்றாக வருவார்கள், ஒன்றாகத் திரும்புவார்கள்.

வேலைக்குச் சேர்ந்த அன்று, தளத்தில் அவளுக்கென்று ஒரு கணக்கு தொடங்க வேண்டியிருந்தது. முதல் பெயர் என்ன என்று கேட்டது, போட்டாள். கடைசிப் பெயர் என்ன என்று கேட்டது. தமிழனுக்கு எங்கேயிருந்து வந்தது கடைசிப் பெயர்? நமக்கு இருப்பது ஒரு இனிஷியல், அதையும் பாதிப் பேர் மறந்துவிடுகிறோம். அந்த ஓர் எழுத்தைப் போட்டாள். ஒற்றை எழுத்தெல்லாம் பெயர் ஆகாது என்று சிவப்பில் திட்டியது. மற்ற பெண்களாக இருந்தால் புருஷன் பெயரைப் போட்டுவிட்டு நகர்ந்திருப்பார்கள். அந்தப் பெயரைத் தட்ட அவள் விரல் வரவில்லை. செத்துப்போன அப்பாவாவது கூட இருக்கட்டும் என்று திருநாவுக்கரசு என்று முழுசாக அடித்தாள். ஏற்றுக்கொண்டது. அதற்கப்புறம் கம்ப்யூட்டரைத் திறக்கும்போதெல்லாம் 'வணக்கம் ஹரிப்ரியா' என்றுதான் திரையில் வந்ததே தவிர, பின்னால் அப்பா நிற்பது எங்கேயும் தெரியவில்லை. அவளும் மறந்துபோனாள்.

புருஷன் பாலசுப்ரமணியன். சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன். சிகரெட் கிடையாது, குடி கிடையாது, யாரிடமும் குரல் உயர்த்திப் பேசமாட்டான். இப்படி ஒரு மாப்பிள்ளை கிடைக்கத் தவம் செய்திருக்க வேண்டும் என்று ஊரே சொன்னது. அவன் அடிக்கும்போதும் குரலை உயர்த்துவதில்லை என்பது ஊருக்குத் தெரியாது. அவள் யாரோடு பேசினாள், எங்கே நின்றாள், எவ்வளவு நேரம் நின்றாள், எல்லாம் அவனுடைய போனில் வந்துவிடும். எதையாவது தேட உட்கார்ந்தால் கிடைக்கும்வரை எழுந்திருக்கமாட்டான். நம் ஆட்கள் இதையெல்லாம் அக்கறை என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

இரண்டு தடவை அவள் அம்மா வீட்டுக்கு ஓடினாள். அம்மா ஞானம்மாள் கெட்டவள் இல்லை. இரண்டு தடவையும் மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள், சுடுதண்ணீர் போட்டுக் குளிக்க வைத்தாள், பக்கத்தில் உட்கார்ந்து சோறு போட்டாள். மகள் தூங்கியதும் மாப்பிள்ளைக்குப் போன் போட்டு வந்து கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். அவன் பழக்கூடையோடு வந்தான். மூன்றாவது தடவை ஹரிப்ரியா அம்மாவிடமும் சொல்லவில்லை.

ஆக, மாமல்லபுரத்தில் அவள் இருப்பது கொங்குநாட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாதவரைதான் அவளுக்கு உயிர். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார ஆரம்பிக்கவே அவளுக்கு ஒரு வருஷம் ஆனது. அப்புறம் மெல்ல மெல்லச் சிரிக்கவும் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் அமானுல்லா ஒரு நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். கூகுளில் தேடினால் யார் யார் தளமோ வருகிறது, நம்முடையது வரவில்லை. விசாரித்ததில், பக்கங்களுக்கு மெட்டா டேக் இல்லை என்று எவனோ சொல்லியிருக்கிறான். மெட்டா டேக் என்பது வேறொன்றுமில்லை. பக்கத்தைத் திறக்காமலே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லுகிற இரண்டு வரி. பக்கத்துக்குள் அது தெரியாது. தேடும்போதும், வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பும்போதும் தலைப்புக்குக் கீழே சின்ன எழுத்தில் வருமே, அது.

நூற்றுக்கணக்கான பக்கம். ஆளுக்குப் பாதியாகக் கையால் எழுதிப் போடலாம் என்றாள் ஜாக்குலின். எதற்கு மாரடிக்க வேண்டும் என்று ஹரிப்ரியா ஒரு சின்ன நிரல் எழுத உட்கார்ந்தாள். அது ஒவ்வொரு பக்கமாகத் திறக்கும், முதல் வாக்கியத்தை எடுக்கும், டேக்காகத் தைத்துவிட்டு அடுத்ததற்குப் போகும். அமானுல்லாவுக்குக் கூடவே இன்னொரு ஆசை. ஓர் ஆள் பெயர் இருந்தால்தான் ஜனம் நம்பும் என்றார். சரியென்று கடைசியில் 'தகவல்' என்று போட்டு, பக்கத்தை ஏற்றினவர் பெயரும் 'மாமல்லபுரம்' என்று ஊரும் தானாக வருகிற மாதிரி செய்தாள். முதல் சில பக்கங்களில் ஓட்டிப் பார்த்தாள். தளம் தொடங்கின புதிதில் அமானுல்லா தன் கையால் ஏற்றிய பக்கங்கள் அவை. எல்லாவற்றிலும் அமானுல்லா, மாமல்லபுரம் என்று அழகாக வந்தது. திருப்தியோடு மொத்தத்துக்கும் ஓட்டிவிட்டாள். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. அமானுல்லா பிரியாணி வாங்கிக் கொடுத்தார். தன் கையால் தானே வினையைத் தைத்துவிட்டு அவள் அந்தப் பிரியாணியை ருசித்துச் சாப்பிட்டாள்.

அடுத்த வாரம் அறை கேட்ட ஒருவருக்கு ஜாக்குலின் லிங்க் அனுப்பினாள். அனுப்பிவிட்டுப் போனை இவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இன்னாடி, எல்லா லிங்க்லயும் உன் பேரு வந்துகினு கீது. உங்க நைனா பேரு இவ்ளோ நீளமா?"

ஹரிப்ரியா திருநாவுக்கரசு, மாமல்லபுரம். அமானுல்லாவுக்கு அப்புறம் ஏறிய பக்கமெல்லாம் அவள் கணக்கிலிருந்து ஏற்றினவை.  ஹரிப்ரியா எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கட்டும், திருநாவுக்கரசு மகள் ஹரிப்ரியா எத்தனை பேர்? ஓடி ஒளிந்தவள் விலாசத்தை நூற்றுக்கணக்கான சுவரில் ஒட்டியது போல ஆயிற்று. ஒட்டினவளும் அவளேதான்.

உடனே இன்னொரு நிரல் எழுதி, எல்லாப் பக்கத்திலிருந்தும் பெயரைப் பிடுங்கிப் போட்டாள். தளம் சுத்தமாகிவிட்டது. ஆனால் கூகுள் தான் படித்த பழைய வரியைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. எடுத்துவிடு என்று விண்ணப்பம் போட்டாள். எடுக்கிறோம், பொறு என்று பதில் வந்தது. பொறு என்பது எவ்வளவு லேசான வார்த்தை! ஒவ்வொரு மணிக்கும் தன் பெயரைத் தானே தேடிப் பார்த்தாள். சில சமயம் இருக்காது. நிம்மதியாக மூச்சு விட்டுவிட்டு மறுபடி தேடினால் இருக்கும். சோறு இறங்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரத்தை விட்டு மறுபடி நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். ஹெல்மெட் போட்டவன் எவன் பக்கத்தில் வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜாக்குலின் என்னவென்று கேட்டாள். காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்று சொல்லி மழுப்பினாள்.

சில நாளில் பெயர் கூகுளிலிருந்து ஒழிந்தது. போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது அவளுக்கு. அன்றைக்கு அமானுல்லா, டேக் போட்டதில் பலன் தெரிகிறதா பார் என்றார். என்ன சொல்லைத் தேடி ஜனங்கள் நம் தளத்துக்கு வந்தார்கள் என்று கூகுளே ஒரு கணக்குக் காட்டும், இரண்டு மூன்று நாள் தாமதமாக. திறந்தாள். மகாபலிபுரம் ரூம் வாடகை. கோவளம் அலைச்சறுக்கு. நாய்க்குட்டியோடு தங்க வீடு. அதற்குக் கீழே அவள் முழுப் பெயர்.

அவளே தேடியதாக இருக்கும் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தாள். ஆனால் அவள் ஒரு தடவைகூட லிங்க்கை அழுத்தவில்லை. இந்தக் கணக்கில் யாரோ அழுத்தியிருந்தார்கள். ஒரு பக்கத்தை அல்ல, பல பக்கங்களை, ஒன்று மாற்றி ஒன்றாக. கிடைக்கும்வரை எழுந்திருக்காத ஒருத்தன் உட்கார்ந்து தேடியிருக்கிறான்.

 பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஜாக்குலின் தட்டித் தட்டித் திறக்க வைத்தாள். அன்றைக்குத்தான் ஹரிப்ரியா வாயைத் திறந்தாள். ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துத் துடைத்து, அமானுல்லா முன்னாலும் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். போலீசுக்குப் போகலாம் என்றார் அவர். போனால் அவனுக்குத் தகவல் போகும், இங்கே இருப்பது தான்தான் என்று அவனுக்கு உறுதியாகிவிடும் என்று அவள் மறுத்தாள். இன்றைக்கே வேறு ஊருக்குப் போய்விடுகிறேன் என்றாள். எந்த ஊர் என்று ஜாக்குலின் கேட்டாள். 

அமானுல்லா தாடியைத் தடவிக்கொண்டார்.

"இத்த மொதல்லியே சொல்லிருந்தா அந்தப் பேரு மேட்டரே வேணாம்னு வுட்டிருப்பேன். சரி வுடும்மா. நீ எங்கயும் போவாத. திங்கக்கிழம செங்கல்பட்டு கோர்ட்ல நமக்குத் தெரிஞ்ச வக்கீலம்மாவப் பாத்துடலாம். அதுவரைக்கும் என்னக் கேக்காம கேட்ட எவனும் தொறக்கக் கூடாது."

திங்கட்கிழமை வருவதற்கு முன்னால் அவள் அம்மா வந்துவிட்டாள்.

பகல் சாப்பாட்டு நேரம். கேட்டைத் தட்டினது ஒரு வயசான அம்மாள், தனியாகத்தான் நிற்கிறது, ஹரிப்ரியா அம்மாவாம் என்று ஜாக்குலின் வந்து சொன்னாள். ஹரிப்ரியா ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தாள். ஞானம்மாள்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. வெயிலில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். பயமெல்லாம் ஒரு நிமிஷம் எங்கேயோ போய், அம்மா என்ற நினைப்பு மட்டும் நின்றது. அமானுல்லாவைக்கூடக் கேட்காமல் உள்ளே கூட்டிவரச் சொல்லிவிட்டாள். மனுஷ மனசு அப்படித்தான் இருக்கிறது, அதைக் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது.

ஞானம்மாள் மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். எலும்பும் தோலுமாகப் போய்விட்டாளே என்றாள். பக்கத்து நாற்காலியில் நெருங்கி உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். உயிரோடு இருக்கிறாளா என்றுகூடத் தெரியாமல் கோயில் கோயிலாகப் போனது, கண் ஆபரேஷன் ஆனது, எல்லாவற்றுக்கும் மாப்பிள்ளைதான் கூட நின்றது.

"மாப்பிள்ளதான் கண்ணு செல்லுல காட்டுனாரு. உம்பேரு, அப்பா பேரு, ஊரு எல்லாம் போட்டிருந்துச்சு. கீழ ஆபீஸ் விலாசமும் இருந்துச்சு. பேசிப்போட்டு கூப்புடுங்கன்னு வெளிய கார்ல உக்காந்திருக்காரு. முந்தி மாதிரியெல்லாம் இல்ல சாமி, இப்ப ரொம்ப மாறிட்டாரு."

 ஜாக்குலின் ஓடிப்போய் கேட்டைப் பூட்டினாள். அமானுல்லா எழுந்து வாசல் பக்கம் போனார். நடக்கிறது எதுவும் புரியாமல், மற்றவர்கள் காதில் விழக்கூடாது என்று ஞானம்மாள் மகளின் இடது காதுக்குள் குனிந்து என்னவோ ரகசியம் சொன்னாள். மகள் அசையவில்லை. மறுபடியும் சொன்னாள். மகள் முகத்தை முழுக்கத் திருப்பி வலது காதைக் காட்டினாள்.

ஏன் என்று கேட்டாள் ஞானம்மாள்.

"அந்தக் காது கேக்காதும்மா. ரெண்டாந்தடவ நீ அனுப்பி வெச்சயே, அதுக்கு மறு வாரத்துல இருந்து."

 ஞானம்மாள் மகளின் காதுமடலை விரலால் தொட்டாள். சின்ன வயதில் காது குத்தின இடம் அது, மடியில் வைத்துக்கொண்டு அவள்தான் குத்தினாள். அனுப்பி வைத்த அன்று மகள் ஒரு வார்த்தை பேசாமல் காரில் ஏறியது அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். முகம் அப்படியே இருண்டுபோயிற்று. மடியில் இருந்த போன் அடித்தது. மாப்பிள்ளை என்று வந்தது. அடித்து ஓயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி அடித்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"ஆளு வேறைங்க மாப்பிள்ள. பேருதான் ஒண்ணா இருக்குது. வேற யாரோ புள்ள."

சொன்ன குரல் துளிகூட நடுங்கவில்லை. ஒரு பொய் சொல்லத் தெரியாதவள் என்று பேர் வாங்கினவள் அவள். அந்தப் பக்கம் அவன் என்ன சொன்னான் என்று போனிலிருந்து எல்லாருக்கும் கேட்டது. அந்தப் பெண்ணை வெளியே வரச் சொல்லுங்கள் அத்தை, நானும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்றான். எப்போதும் போலப் பதவிசான குரல்.  ஹரிப்ரியா மேஜையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

 ஜாக்குலின் கழுத்துச் சங்கிலியைக் கழற்றினாள், சிலுவை தொங்குகிற சங்கிலி. அதை ஹரிப்ரியா கையில் திணித்துவிட்டு, மேஜையில் கிடந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து நெற்றியில் ஒட்டிக்கொண்டு, ஞானம்மாளை வா என்று கண்ணால் கூப்பிட்டாள்.

ஹரிப்ரியா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நீ போகாதே, இங்கேயே இருந்துவிடு என்று கெஞ்சினாள்.

"நா போகலீன்னா அவனுக்குத் தெரிஞ்சு போயிரும் கண்ணு."

இத்தனை வருஷத்தில் மாப்பிள்ளையை அவள் 'அவன்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. கையை உருவிக்கொண்டு ஜாக்குலின் பின்னால் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

தரையில் நகர்ந்து போய்க் கதவிடுக்கில் வலது காதை வைத்துக்கொண்டாள் ஹரிப்ரியா. கேட் திறக்கிற சத்தம் கேட்டது. நீங்கள்தான் ஹரிப்ரியாவா என்று அவன் மரியாதையாகக் கேட்டான்.

"ஆமா. இன்னா வோணும் உனுக்கு?"

அப்பா பெயர் என்ன என்று கேட்டான். திருநாவுக்கரசு என்றாள் ஜாக்குலின். சிங்கப்பெருமாள் கோயில் ஊருக்குள் போய்க் கேள், எங்கள் அப்பாவைத் தெரியாதவர்கள் கிடையாது, ஏன், ஆதார் காட்டணுமா என்று எகிறினாள். பெண்பிள்ளைகள் வேலை செய்கிற இடம், ரூம் வேண்டுமென்றால் சொல், இல்லையென்றால் நடையைக் கட்டு என்று அமானுல்லா அவர் பங்குக்குச் சத்தம் போட்டார்.   சிலுவை ஹரிப்ரியாவின் உள்ளங்கையில் அழுந்திக் குத்தியது.

மன்னிக்க வேண்டும் மேடம், என் மனைவி காணாமல் போய்விட்டாள், அதே பெயராக இருந்தது என்றான் அவன். வெயில் ஏறிவிட்டது, போகலாம் என்றாள் ஞானம்மாள். கார்க் கதவு ஒன்று சாத்தியது. இன்னொன்று சாத்தியது. வண்டி உடனே கிளம்பவில்லை. அப்புறம் கிளம்பியது.

ஜாக்குலின் உள்ளே வந்து பொட்டைப் பிய்த்துப் போட்டாள். அவன் நம்பினானா என்று ஹரிப்ரியா கேட்டாள். தெரியாது என்றாள் ஜாக்குலின். காரில் ஏறும்முன் ஒரு தடவை கேட்டில் இருக்கிற நம் போர்டைப் பார்த்தான், ஒரு தடவை உங்கள் அம்மா முகத்தைப் பார்த்தான் என்றாள். அமானுல்லா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். திங்கட்கிழமைவரை காத்திருக்க வேண்டாம், இப்போதே வக்கீலம்மாவிடம் போகலாம் என்றார். அவள் தலையாட்டினாள்.

ஊர் போய்ச் சேர ராத்திரி ஆகிவிடும். அதுவரைக்கும் அந்த முகத்தை அழாமல் வைத்துக்கொண்டு, அவன் கேட்கிற ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டு, அம்மா அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அம்மாவின் போனை அவன் பார்ப்பான் என்று ஹரிப்ரியா அவளுக்குத் தன் நம்பரைக் கொடுக்கவில்லை. அம்மா பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தாளா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அவளுக்கு வழி இல்லை.